ஒருசந்தியன்று வறுத்த கடலை

பெரம்பலூரில் காலையில் நடக்கிற ஓய்வுபெற்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி. நடக்கிறோமோ இல்லையோ, பேசுகிறோம். போன மாதம் யாருக்கோ உற்சாகம் பிறந்து, ஒருநாள் வேன் வைத்துப் பச்சைமலைக்குப் போய் நடந்துவிட்டு வருவது என்று முடிவாகிவிட்டது. எங்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற பேங்க் மேனேஜர், ரிட்டயர் ஆகியும் மேனேஜராகவே இருப்பவர், பளபளப்பான ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

"ட்ரெயில் மிக்ஸாம் மேடம். என் பேரன் வாங்கினது. மலை ஏறுறவங்க இதைத்தான் தின்னுட்டே போவாங்களாம். பாத்தா நம்மூரு கடலையும் முந்திரியும்தான். நீங்க முந்திரிக்காட்டு ஊராச்சே, வூட்டுலயே பண்ணிட்டு வந்துடுங்களேன்."

பிரித்துப் பார்த்தேன். முந்திரி, நிலக்கடலை, பூசணி விதை, காய்ந்த திராட்சை. விலையைப் படித்துவிட்டு மறுபடி மூடிக் கொடுத்தேன். சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பண்டம் செய்வதென்றால் என்ன போடலாம் என்று கேட்பதைவிட என்ன போடக்கூடாது என்று கேட்பதுதான் சுலபம். ஒருவருக்கு உப்பு ஆகாது. ஒருவருக்கு வெல்லம் ஆகாது. ஒருவருக்கு இரண்டும் ஆகும், பல் இல்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பொட்டுக்கடலைதான் மிஞ்சியது. யாருக்கும் சொல்லாமல் எல்லாவற்றையும் போட்டேன். ஆனால் ஒவ்வொரு ஈடு வறுத்து இறக்கும்போதும் இரண்டு எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தேன். அது மட்டும் தவறாது. வாயில் போட்டுப் பார்க்காமல் எதையும் டப்பாவில் அடைக்கமாட்டேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமையானாலும் அப்படித்தான். பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டார்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று சொல்கிறேன். உங்களுக்கு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆண்டிமடத்துப் பக்கம் எங்கள் ஊர். பங்குனி வந்தால் முந்திரிக்காட்டில்தான் எல்லோருக்கும் வேலை. எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்களுக்குத் தவக்காலமும் அப்போதுதான் வரும். ஒரு பக்கம் பழமும் கொட்டையுமாக ஊரே மணக்கும், இன்னொரு பக்கம் வயிறு காயும். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி. பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து வந்துதான் கஞ்சி. சின்னப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பெரியம்மா அந்தச் சலுகையை எங்களுக்குச் சொன்னதே இல்லை.

கொட்டை சுடுவது வீட்டுக்குப் பின்னால். ஓட்டை போட்ட தகரத்தை அடுப்பில் வைத்து, அதில் முந்திரிக்கொட்டையைக் கொட்டிக் கிளறுவார்கள். தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடிக்கும். உடனே கீழே தள்ளி மேலே மணலை வாரி அணைக்க வேண்டும். அந்த எண்ணெயைப் பால் என்பார்கள். பெயர்தான் பால், பட்ட இடம் வெந்து கொப்பளித்துவிடும். கொட்டை உடைக்க உட்காருகிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். எங்கள் ஊர்க் குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அந்தப் பாலுக்குப் பயப்பட வந்துவிடும். அந்த மாதம் முழுக்கத் துணி, தலைமுடி, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் அந்தப் புகை வாடை இருக்கும். இப்போது நினைத்தாலும் தொண்டை கரகரக்கிறது.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் புதிதாகச் சித்தி வந்திருந்தார். சித்தப்பா லாரி ஓட்டினார். கொள்ளிடக்கரைப் பக்கம் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தவர், திருமழபாடியில் சித்தியைப் பார்த்து, இரு வீட்டுக்கும் பிடிக்காமல் கட்டிக்கொண்டார். சித்தி இந்துக் குடும்பம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினார். அவருடைய அப்பா அத்தோடு தலைமுழுகிவிட்டார். அம்மாவையும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று தடை. சித்தி வந்த நாளிலிருந்து பெரியம்மா அவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஜெபமாலை சொல்லும்போது தடுமாறினால் போதும், பெரியம்மாவின் தொண்டை கனைக்கும்.

தவக்காலத்தில் எங்கள் ஊரிலிருந்து ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்து போவோம். சனிக்கிழமை விடியலில் கிளம்பி, ராத்திரி ஜெயங்கொண்டத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேருவது. பெரியப்பாதான் கூட்டத்துக்குப் பெரியவர். வழியில் தின்பதற்கான கலவை எங்கள் வீட்டில்தான் தயாராகும். நடக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது வரும். ஒரு வீட்டிலிருந்து நிலக்கடலை, ஒரு வீட்டிலிருந்து பொட்டுக்கடலை, ஒரு வீட்டிலிருந்து கொப்பரை, ஒரு வீட்டிலிருந்து அச்சு வெல்லம். முந்திரி எங்களுடையது. எல்லாவற்றையும் வறுத்து, நறுக்கி, ஒரே பாயில் கொட்டிக் கலந்துவிடுவார்கள். யார் வீட்டுப் பண்டம் என்று தெரியக் கூடாது என்பது முறை. அதற்குப் பெயர் எதுவும் கிடையாது. 'நடைக்குக் கலக்குறது' என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த வருட நடைக்குச் சித்தி காத்துக்கொண்டிருந்த மாதிரி நான் யாரும் எதற்கும் காத்திருந்து பார்த்ததில்லை. காரணம் என் அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது, நான் தூங்குவதாக அவர்கள் நினைத்ததால்.

"எங்கம்மா லாரிய நிறுத்தி இவங்ககிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்கக்கா" என்றார் சித்தி. "நடைக் கூட்டம் வர்ற ஞாயித்துக்கிழம அவங்களும் ஏலாக்குறிச்சிக்கு வராங்களாம். மாதா கோயிலுக்குப் போறேன்னா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மரத்தடியில நிக்கிறேன்னு சொன்னாங்களாம். ஒரு தடவ பாத்துட்டா போதுங்கா எனக்கு."

"வெளிய சொல்லிடாத" என்றார் அம்மா. "மாதாவுக்கு நடக்குறியா, அம்மாவப் பாக்க நடக்குறியான்னு கேப்பாங்க."

வெள்ளிக்கிழமை கலக்குகிற வேலை நடந்தது. எல்லோரும் ஒருசந்தி. எங்கள் வீட்டில் கடலையை வெறும் சட்டியில் வறுப்போம், பாதி கருகும், பாதி பச்சையாக இருக்கும். அதைப் பார்த்த சித்தி, தான் வறுப்பதாகச் சொன்னார். ஆற்றங்கரைக்காரர்கள் மணலைச் சூடாக்கி அதில் கடலையைப் போட்டு வறுப்பார்கள். கருகாது, ஒன்றுபோலச் சிவந்து வரும்.

"அக்கா, மணலு இருக்கா?"

பெரியம்மா கொப்பரை நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பவே இல்லை. "பின்னாடி குமிஞ்சு கெடக்கே, எடுத்துக்க."

சித்தி போய் ஒரு கூடை மணல் வாரிவந்தார். சலித்து, கழுவாமல், அப்படியே சட்டியில் கொட்டினார். காய்ந்து சுத்தமாக இருந்த மணல், கழுவுவானேன்? சூடேறியதும் புகைந்தது. சித்தி இருமினார். "என்னக்கா, இப்புடிப் பொகையுது?"

"இந்த மாசம் எல்லாம் அப்புடித்தான் பொகையும்" என்றார் பெரியம்மா, கொப்பரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடலை அழகாக வந்தது. சித்தி ஒன்றை எடுத்துத் தோலை ஊதி, வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஒருசந்தி அன்னிக்கு வாயில வைக்கிறியே" என்றார் பெரியம்மா. "நடக்குறவங்களுக்கு ஆகுறது. நாக்குல படாம செய்யணும். ஒங்கூருல எப்புடியோ."

சித்தி கடலையைத் திரும்ப முறத்திலேயே போட்டுவிட்டார். முகம் சிவந்து போயிற்று. அந்த ஒரே ஒரு கடலையை அவர் தின்றிருந்தால் என்று நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன்.

சிலுவைப்பாதை முடிந்து வந்து கஞ்சி குடித்தபின், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கை கலவை கிடைத்தது. பெரியவர்கள் வழிக்கென்று வைத்துக்கொண்டார்கள். என் அண்ணன் வழக்கம்போலக் கடலையாக அள்ளிக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தின்றார்கள். நான் கொப்பரையும் வெல்லமுமாகப் பொறுக்குகிறவள், உதடு லேசாக எரிந்ததோடு போயிற்று.

விடியலில் அண்ணனின் உதடு வீங்கித் தொங்கியது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாமல் அழுதான். பக்கத்து வீட்டிலும் அதே கதை. கோயில் வாசலில் கூட்டம் கூடி, கொடி பிடித்து, புறப்பட நின்ற நேரம். சித்தி புதுச் சேலை கட்டி, துணிமூட்டையோடு நின்றார். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்தார்.

பெரியப்பா சாக்கை அவிழ்த்துக் கலவை முழுவதையும் குப்பைமேட்டில் கொட்டினார். முந்திரியில் பால் பட்டிருக்கும், சாம்பல் பூசாத கையால் தொட்டிருப்பாள் என்றார்கள். தெரியாத ஊர்க்காரியிடம் ஏன் கொடுத்தீர்கள் என்றார்கள். மனசு ஒப்பி ஞானஸ்நானம் வாங்கியிருந்தால் இப்படி ஆகுமா என்றும் ஒரு குரல் கேட்டது. யார் என்று சொல்லமாட்டேன், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நீ வர வேணாம்" என்றார் பெரியப்பா. "வாய் வெந்த புள்ளைங்க கெடக்குதுங்க. நீ கெடுத்ததை நீயே பாத்துக்க. மாதாவுக்கு அடுத்த வருசம் நடக்கலாம்."

சித்தி என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா கொடியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே ஒருத்தி மரத்தடியில் நிற்கப்போகிறாள் என்று சொல்லியிருக்கலாம். என் அம்மா நல்லவர், ஆனால் மூத்தவர்கள் முன்னால் அவருக்கு நாக்கு எழாது. அம்மாவின் மேல் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டென்றால் அது அந்தக் காலைதான். இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

சித்தி குனிந்து என் தலையில் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் காதில் சொன்னார்: "அங்க மரத்தடியில எங்கம்மா நிப்பாங்க. நெத்தி நெறய திருநீறு பூசியிருப்பாங்க. கையில அலுமினியத் தூக்கு இருக்கும். சித்திக்குக் காலு சுளுக்கிடிச்சு, அதான் வரலன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத, என்ன?"

இரண்டு நாள் நடந்தோம். தின்ன ஒன்றும் இல்லாததால் ஜெயங்கொண்டத்தில் பன்னும் பொரியும் வாங்கித் தந்தார்கள். உள்ளங்கால் எரிந்தது. ஜெபத்தில் எனக்குப் புத்தி போகவில்லை. காலு சுளுக்கிடிச்சு, காலு சுளுக்கிடிச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அந்த அம்மா நின்றார். மரத்தடியில், மாதா கோயில் கூட்டத்துக்கு நடுவே, நெற்றி நிறையத் திருநீறோடு. எங்கள் கொடி வருவதைப் பார்த்து எட்டி எட்டி ஒவ்வொரு முகமாகத் தேடினார். கடைசி ஆளும் கடந்து போன பிறகும் சாலையையே பார்த்தார். நான் போய் அவர் சேலையைத் தொட்டேன்.

"சித்தி வரல. காலு சுளுக்கிடிச்சு."

குனிந்து என்னைப் பார்த்தார். முகம் அப்படியே சித்தி.

"எந்தக் காலு?"

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விழித்தேன். "ரெண்டும்" என்றேன்.

"ரெண்டு காலுமா." அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கைத் திறந்து என் கை நிறைய அள்ளி வைத்தார். பொரி, கடலை, எள்ளு, வெல்லத்தூள். "தின்னு கண்ணு. நடந்து வந்துருக்க."

அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். யார் என்று புரிந்து, கும்பிட்டார். அம்மாவுக்கும் ஒரு கை வைத்தார் அவர். அம்மா இரண்டு கடலையை வாயில் போட்டார்.

"நல்லாருக்காம்மா? ஆத்து மணல்ல வறுத்தது. எம்பொண்ணு மணல்ல வறுத்தாத்தான் தின்னுவா."

அம்மா மெல்லுவதை நிறுத்தினார். "மணல்லயா?"

"ஆமாம்மா. ஒங்க பக்கம் மணலு கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்றார் அம்மா. தலை நிமிரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், சித்திக்கென்று அவர் கொடுத்துவிட்ட தூக்கு என் மடியில் இருந்தது.

சித்தி கிணற்றடியில் இருந்தார். அண்ணன் மோர்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தூக்கை வாங்கக்கூட இல்லை, முதலில் கேட்டது இதைத்தான்: "வந்துருந்தாங்களா?"

"ம்."

"என்ன கேட்டாங்க?"

"எந்தக் காலுன்னு கேட்டாங்க."

சித்தி சிரித்துவிட்டார். "அய்யய்யோ. நீ என்ன சொன்ன?"

"ரெண்டும்னு சொன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார் சித்தி. சிரித்துக்கொண்டே இருந்தவர், துவைகல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பெரியம்மா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார். அம்மா போய்ச் சித்தியின் கைகளை மடியிலிருந்து எடுத்துத் திருப்பினார். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. இரண்டு நாளாக மறைத்து வைத்திருந்த கைகள். யாராவது ஒருவர் அந்தக் கையைப் பார்த்திருந்தால் போதும், எதை வாரினாய் என்று கேட்டிருப்பார்கள்.

"அக்கா" என்றார் அம்மா, பெரியம்மாவிடம். "இவ கடல வறுக்க வாரிட்டு வந்தது கொட்ட அணைச்ச மணலு. பால் ஊறுனது."

பெரியம்மா முந்திரிக்காட்டில் பிறந்து வளர்ந்தவர், அந்த மணலைத் தெரியாதவரா? ஆனால் மணலில் கடலை வறுப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. எதற்குக் கேட்கிறாள் என்றே யோசித்திருக்கமாட்டார், பாத்திரம் தேய்க்க என்று நினைத்திருப்பார். சித்திக்கு வறுக்கத் தெரியும், பால் தெரியாது. தின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அன்றைக்குத் தின்னக் கூடாது. யாரும் கெட்டவர்கள் இல்லை என்று இப்போது சொல்லலாம். அதனால் யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் காலையில் பெரியம்மா தனியாக அந்த மணற்குவியலை வாரிக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் கொட்டினார். சித்திக்குத் தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்தார். பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஊரிலும் சொல்லவில்லை. கடலையைக் கெடுத்தவள் என்ற பேர் சித்திக்கு நெடுநாள் இருந்தது.

அந்த ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த சமயம், சித்தியின் அம்மா இறந்துபோனார். செய்தி எங்களுக்கு வந்தது எல்லாம் முடிந்தபின்புதான். அடுத்த தவக்காலத்தில் பெரியப்பா தானாகவே சித்தியை நடைக்குக் கூப்பிட்டார். "நீ வாம்மா இந்த வருசம்" என்றார், பெரிய மனது பண்ணுகிற மாதிரி. சித்தி நடந்தார். ஏலாக்குறிச்சியில் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தத் தூக்கு சித்தியிடம் ரொம்ப நாள் இருந்தது. காப்பித்தூள் போட்டு வைத்திருந்தார். மூடியில் ஒரு நசுக்கல், கைப்பிடியில் சிவப்பு நூல். சித்தி போனபிறகு வீட்டை ஒழித்தபோது, அண்ணன் பெண்டாட்டி பழைய பாத்திரங்களோடு அதையும் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு யார் சொன்னார்கள்? அண்ணனுக்கே நினைவில்லை. வாய் வெந்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

சரி, பச்சைமலைக் கதைக்கு வருகிறேன். கலவை நன்றாகவே வந்தது. டப்பாவில் அடைத்து மூடினேன். அன்று காலை வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. எழுந்து செருப்பு மாட்ட வேண்டும், சிரிக்க வேண்டும், நடக்க வேண்டும், போட்டோவுக்கு நிற்க வேண்டும். எனக்கு முடியவில்லை. உடம்பில் ஒன்றும் இல்லை, அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மாவிடம் டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்குப் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "என்னம்மா, மலைக்குப் போகலயா? குரூப்ல போட்டோ போட்டுருக்காங்க, உன்னக் காணோம்?"

அலுப்பு என்று சொன்னால் அவளுக்குப் புரியவைக்க நேரமாகும். "காலு சுளுக்கிடிச்சுடி" என்றேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று.

"அச்சச்சோ. அந்த ஸ்ப்ரே இருக்குல்ல, அடிச்சுக்கோ. எனக்கு மீட்டிங் ஆரம்பிச்சிடுச்சும்மா, ராத்திரி பேசறேன்."

நல்ல பெண். ராத்திரி மறக்காமல் பேசினாள், ஸ்ப்ரே அடித்தேனா என்று கேட்டாள். எந்தக் கால் என்று கேட்டால் இடது என்று சொல்ல, நான் காலையிலிருந்தே தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை.